தோணிப் பாய் நிழல்

அந்தக் குடியிருப்பின் வரைபடத்துக்கு மை போட்டவன் நான்தான். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். பொறியியல் பிரிவில் எனக்கு டிரேசர் வேலை. மேலே இருப்பவர்கள் பென்சிலில் போட்டுத் தரும் கோடுகளின் மேல் டிரேசிங் தாளை விரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மையில் இழுக்க வேண்டும். இரண்டு பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் மூன்று தளங்கள், நடுவில் ஒரு முற்றம், தாளின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. அந்த அம்புக்குறி அழகாக இருக்கிறது என்று பெரிய டிராப்ட்ஸ்மேன் ஒருமுறை சொன்னார். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே நடந்தேன்.

கட்டடங்களின் நீளப் பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்து நிற்கப்போகின்றன என்பதை அதே அம்புக்குறி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு உறைக்கவில்லை. காலையில் ஒரு சுவர், சாயங்காலம் மறு சுவர் என்று நாள் முழுக்க வெயிலை வாங்கும் கட்டடத்துக்கு நான் மை போட்டேன். பிறகு அதிலேயே ஒரு வீடு எனக்கும் ஒதுக்கினார்கள். இரண்டாம் மாடி. தலைக்கு மேலே கான்கிரீட்டும் அதற்கு மேலே வானமும்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். அய்யாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். ஊரைத் தாண்டி, பாத்திகளின் ஓரத்தில் ஓலைக் குடிசை. எனக்குச் சாவி கிடைத்த அன்று அய்யா வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார். போகும்போது சாவியைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அந்தக் கோடையில்தான் அக்கா வந்தாள். அவளுக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்கு வந்திருந்தது எங்கள் குடிசைக்கு, கார்த்திகை மாத மழையில். வலி எடுத்தபோது உப்பளத்துப் பாதை முழுக்கத் தண்ணீர். மாட்டுவண்டி சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அக்கா பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. எனக்கு வீடு கிடைத்த செய்தி போனதும் அக்கா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து அத்தானை விட்டு ஒரு கடிதம் எழுத வைத்திருந்தாள். உன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டிருந்தது. பக்கந்தான், வந்துவிடு என்று எழுதினேன். பங்குனிக் கடைசியில் அத்தான் கொண்டுவந்து விட்டுப் போனார். அம்மாவும் பாத்தி வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து தங்கினாள்.

நான் எழுதாமல் விட்டது வெயிலைப் பற்றி. எனக்கே அது தெரியாது. பகலில் நான் ஆபீஸில் இருப்பவன். பகல் பத்து மணிக்கு மேல் அந்த வீட்டுக்குள் இருப்பது என்ன என்பது அக்கா வந்த பிறகுதான் தெரிந்தது. சுவரில் கை வைக்க முடியாது. தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்தால் அரைமணி நேரத்தில் துணி மொடமொடவென்று காய்ந்துவிடும். கீழே இறங்கி உட்காரலாம் என்றால் முற்றம் அதைவிட மோசம். நட்டநடுவே சிமென்ட் தளம், சுற்றிலும் வெள்ளை மணல். அங்கே நின்ற ஒரே வேப்பமரத்தை, கட்டடம் எழும்பும்போது ஜல்லி இறக்க இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார்கள். பதினோரு மணிக்கு மேல் அந்த முற்றத்தில் ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. இரண்டு ஆடுகள் மட்டும் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் அக்கா மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆனால் இவளை இந்த வெக்கையில் வைத்திருக்கக் கூடாது, காற்று வரும் இடத்தில் பகலில் உட்கார வையுங்கள், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார். எப்படியோ இந்தச் செய்தி ஊருக்குப் போய்விட்டது. நாலாம் நாள் அத்தானிடமிருந்து இன்லாண்டு லெட்டர் வந்தது. தன் வீட்டைச் சுற்றிப் பனையும் புளியுமாக நிழல் இருக்கிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வந்து அழைத்துப் போகிறேன், தயாராக இருக்கவும் என்று எழுதியிருந்தார். அக்காவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவள் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள். அவர்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாலைக்கு மேல் பஸ்ஸே கிடையாது.

“ஏல, நான் அங்கன போனா இந்தப் பிள்ளையும் எனக்கு இல்ல” என்றாள். அழவில்லை. இன்றைக்குச் சந்தை கிடையாது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பதினோரு நாள் இருந்தது. நான் படித்தவன் அல்லவா, படித்தவன் செய்கிறபடி தொடங்கினேன். ஆபீஸில் கேட்டு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். மறுநாள் லீவு போட்டு, நாள் முழுக்க முற்றத்தில் நின்று, மணிக்கு ஒருமுறை கட்டடத்தின் நிழல் விழும் ஓரத்தைச் சாக்பீஸால் கோடிட்டேன். காலை நிழல் கிழக்கு பிளாக்கிலிருந்து வந்தது, உச்சிப் பொழுதில் செத்துப்போனது, இரண்டரை மணிக்கு மேல் மேற்கு பிளாக்கிலிருந்து மறுபடி புறப்பட்டது. ஒவ்வொரு கோட்டின் மேலும் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். நிழலில் எல்லா மூலையிலும் பாதரசம் கிட்டத்தட்ட ஒரே கோட்டில்தான் நின்றது. ஆக எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான், தரையைக் குளிர வைப்பது ஒன்றே வழி என்று முடிவு கட்டினேன்.

அய்யாவிடம் சொன்னேன். உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடுவதால் உச்சிக்குள் முடிந்துவிடும். மதியம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். தரைக்குத் தண்ணீர் விடுவோம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆயுள் முழுக்க அதைத்தானே செய்திருக்கிறார். ஊற்றும் தண்ணீர் ஓடிப்போகக் கூடாது என்று சிமென்ட் தளத்தின் நாலு பக்கமும் ஈரமணலை மிதித்து, கால் பெருவிரலால் ஒதுக்கி, அரைச்சாண் உயரத்துக்கு வரப்புக் கட்டினார். பார்க்க அவ்வளவு லட்சணம். மதியம் அவரும் ஆபீஸ் விட்டு வந்ததும் நானுமாகக் கைப்பம்பில் மாறி மாறி அடித்து, வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினோம். நல்ல தண்ணீர் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். கைப்பம்பில் வருவது உவர்த் தண்ணீர். தரைக்குத்தானே என்று அதைப் பெரிதாக எண்ணவில்லை.

முதல் நாள் கொஞ்சம் இதமாக இருந்தது. இரண்டாம் நாள் முற்றம் முழுக்கப் புழுக்கம், ஆவியில் இட்லி வேகிறதுபோல். அக்கா விசிறியை எடுத்துக்கொண்டு தூரப் போய் உட்கார்ந்தாள். இன்னும் தண்ணீர் போதவில்லை என்று அய்யாவும் நானும் நினைத்தோம். நாலு நாள் விடாமல் ஊற்றினோம். ஐந்தாம் நாள் மதியம் நான் ஆபீஸிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்து பார்த்தபோது முற்றத்தைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. தளம் முழுக்க வெள்ளை பூத்து, வெயில் அதில் பட்டு முகத்தில் அடித்தது. இத்தனை காலம் உப்பு விளைவித்த மனிதரும் அவர் பெற்ற டிப்ளமாக்காரனும் சேர்ந்து, வரப்புக் கட்டி, உவர்த் தண்ணீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, அது என்னவாகும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

கீழ்வீட்டு மைனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தரைத்தளத்தின் தெற்குக் கோடி வீடு அவர்களுடையது. கடற்கரைக் குடும்பம். அவள் புருஷன் முன்பு கொழும்புக்குப் போகும் தோணிகளில் இருந்தவர், இப்போது துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. உறவில்லை என்றாலும் அவரை அண்ணன் என்றும் அவளை மைனி என்றும்தான் நாங்கள் கூப்பிடுவோம்.

“உப்பு எப்பத் தம்பி வாரப் போறிய?” என்று கேட்டாள். “சொல்லிட்டுச் செய்ங்க. கருவாட்டுக்கு எனக்கும் ஒரு பெட்டி வேணும்.”

மாடி வராந்தாக்களில் சிரிப்பு எழும்பியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அய்யா குத்தவைத்து உட்கார்ந்து ஒரு சிட்டிகையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். “கசப்பு நிக்கி. தரம் கம்மிதான்” என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தொழில் பழக்கம். அதற்கு மைனி சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அத்தான் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. இருந்ததையும் கெடுத்து வைத்திருந்தேன்.

மறுநாள் நடந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதை நான் நேரில் பார்க்கவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

இரண்டு பிளாக்குகளுக்கும் நடுவே தெற்குப் பக்கம் ஒரு திறப்பு உண்டு. அந்தத் திறப்பை மைனி ஓலைத் தட்டி கட்டி அடைத்து வைத்திருந்தாள். அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் துணி துவைப்பதும் கருவாடு காயப்போடுவதும். சாலையில் போகிறவர்கள் பார்வை படாமல் இருக்கட்டும் என்று கட்டியது. சில நாளாக அந்தத் தட்டியில் கீழே ஒரு ஓரத்தில் ஓலைகள் உருவப்பட்டுக் கிடந்தன. ஆடுகள்தான் தின்கின்றன என்று மைனி அவற்றைக் கம்போடு விரட்டிக்கொண்டே இருந்தாள். அன்று மதியம் சத்தம் காட்டாமல் வந்து எட்டிப் பார்த்தால், தட்டியை ஒட்டிப் பாய் போட்டு, ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். கையில் இன்னும் ஒரு ஓலைக் கீற்று.

“ஏளா, நீதானா அந்த ஆடு?” என்று கேட்டாளாம்.

அக்கா பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். அந்த வயிற்றோடு உடனே எழுந்திருக்க முடியவில்லை. இந்த ஓட்டைக்குள்ளே காத்து வருது மைனி, அந்த ஒரு இடத்துலதான் மூச்சு விட முடியுது என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வாரமாகவே இதுதான் நடந்திருக்கிறது. நானும் அய்யாவும் வாளி தூக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அக்கா தன் பாயை ஒவ்வொரு இடமாக இழுத்து இழுத்துப் போட்டுப் பார்த்து, ஓட்டை வழியாக வரும் ஒரு சாண் காற்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் தெர்மாமீட்டரை அந்த மூலையிலும் பிடித்தவன்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கழுத்துக்குத் தெரிந்தது.

மைனி பக்கத்தில் உட்கார்ந்து தன் முகத்தையும் அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு எதற்காக இங்கே வந்து உட்காருகிறாய், மாடியில் என்ன என்று கேட்க, அக்கா முதல் பிரசவத்திலிருந்து கடிதம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் வாய்திறக்காத விஷயம், தட்டி ஓரத்தில் ஒரு அந்நிய வீட்டுப் பெண்ணிடம் வெளியே வந்துவிட்டது.

நான் ஆபீஸ் விட்டு வந்தபோது தட்டி அவிழ்த்துச் சுவரில் சாத்தப்பட்டிருந்தது. முற்றத்துக்குள் கால் வைத்ததும் சட்டை உடம்போடு ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டியது. கடல்காற்று. இத்தனை நாளும் அது தட்டிக்கு வெளியே வந்து நின்று திரும்பிப் போயிருக்கிறது. என் வரைபடத்தில் அந்தத் திறப்பு இருந்தது, அதன் அகலத்தைக்கூட நான் எழுதியிருந்தேன். அதன் வழியே எது வரும் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை.

மைனிக்கு இரண்டு குறை. ஒன்று மறைப்பு, மற்றது கருவாடு. கருவாட்டுக்கு நான்தான் வழி சொன்னேன். எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் மொட்டை மாடியில் போடுங்கள், அங்கே கொதிக்கிற கொதிப்பில் பாதி நாளில் காய்ந்துவிடும் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் சோதனைக்கு ஒரு கூடை நெத்திலி போட்டுப் பார்த்துவிட்டு, உங்க மேல்வீட்டுக்கு நாங்கதான் குடிவரணும் போல என்றாள். காக்கையை மட்டும் அம்மா விரட்ட வேண்டியிருந்தது. மறைப்புக்கு, ஒரு ஆள் நெஞ்சு உயரத்துக்குத் தட்டியை வெட்டித் துவைக்கும் கல்லைச் சுற்றி மட்டும் நட்டுக் கொடுத்தார் அய்யா. வரப்பையும் அவரே இடித்தார். நல்ல தண்ணீர் வந்த நேரத்தில் தளத்தை மூன்று நாள் தொடர்ந்து கழுவினோம்.

காற்று வந்துவிட்டது. உச்சி வெயிலுக்கு நிழல் வேண்டும். அதற்குக் கீழ்வீட்டு அண்ணன் ஷிப்டு முடிந்து வந்தபோது ஒரு தோணிப் பாயைச் சைக்கிளில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். பழையது, காவி நிறமாக மங்கியது, ஒட்டுப்போட்ட இடங்கள் நிறைய. அதை எப்படிக் கட்டுவது என்பதில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். நாலு மூலையையும் இறுக்கித் தாழக் கட்டினால் நிழல் அடர்த்தியாக விழும் என்றேன். அவர் கேட்கவில்லை. “தாழக் கட்டினா காத்தைப் பிடிச்சுக்கிடும் தம்பி. நமக்கு இங்கன கட்டடம் கொழும்புக்கா போகணும்?” என்றார். முதல் மாடி வராந்தாக் கம்பிகளில், தெற்குப் பக்கம் உயர்ந்தும் வடக்குப் பக்கம் கொஞ்சம் இறங்கியும், தளர்வாகக் கட்டினார். பாய் மேலே மெல்ல ஏறி இறங்கியது. அதன் அடியில் காற்று தடையில்லாமல் ஓடியது.

கட்டடத்தில் கயிறு கட்ட அனுமதி வேண்டும் என்று எனக்கு உள்ளூரப் பயம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன். முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதி, காரணம், இடம், அளவு எல்லாம் குறித்து, சின்னதாக வரைபடமும் போட்டு ஆபீஸில் கொடுத்தேன். பதில் இன்றுவரை வரவில்லை. அம்புக்குறியை இந்தத் தடவை பார்த்துப் போட்டிருந்தேன்.

பாய் கட்டிய மறுநாளே பெண்கள் இறங்கத் தொடங்கினார்கள். ஒருத்தி அரிசி புடைக்க வந்தாள், ஒருத்தி தலை உலர்த்த வந்தாள். புளி உடைக்கும் காலம். மூன்று நான்கு வீட்டுப் புளியை ஒரே சாக்கில் கொட்டி, வட்டமாக உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள். அக்காவுக்கு நடுவில் இடம். வயிற்றுப்பிள்ளைக்காரி காற்றுக்கு நேராக இருக்க வேண்டும் என்று அவர்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தான் வந்தார். ஒரு கையில் நுங்குக் குலை, மறு கையில் அக்காவின் துணிமணிக்காக ஒரு காலிப் பை. முற்றத்தின் வழியாக வராமல் சாலைப்பக்கப் படி வழியாக நேரே மாடிக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். சின்ன மளிகைக் கடை. உள்ளே வந்து நின்றவர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துக்கொண்டே சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தார்.

“மாப்ள, இதுல எப்படி இருக்கிய? செங்கச் சூளையில குடியிருக்க மாதிரி” என்றார். கோபமில்லை, வருத்தம். அவள் எங்கே என்று கேட்டார். கீழே என்றேன். இந்த வெயிலிலா என்று திடுக்கிட்டு இறங்கி வந்தார்.

அக்கா பாயின் அடியில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அத்தானைக் கண்டதும் பெண்கள் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். மைனி மட்டும் போகவில்லை. அத்தான் மரியாதைக்கு ஓரமாக உட்கார்ந்தார். நான் நுங்கு சீவிக் கொடுத்தேன். இரண்டு நுங்கு தின்றார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். பிறகு துடைக்கவில்லை, துடைக்க வேண்டியிருக்கவில்லை. பாயை அண்ணாந்து பார்த்தார், திறப்பைப் பார்த்தார். ஊரில் நம் புளியமரத்தடிபோல இருக்கிறதே என்று மெல்ல ஒப்புக்கொண்டார்.

“ஆனா அது நம்ம சொந்த மரந்தானே. வா, போவோம்” என்றார் அக்காவைப் பார்த்து. அவருடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தது அதுதான்.

அக்கா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள்.

“ஒங்க வீட்டு நெழல் எனக்குப் பிடிக்காம இல்ல. வெயிலுக்குப் பயந்துதானே கூப்பிட வந்திய? இங்கன பகல்ல நான் இருக்க எடம் கெடச்சிட்டு. நான் பயப்படுதது வெயிலுக்கு இல்ல, தூரத்துக்கு. அன்னைக்கு வண்டியில நீங்களும்தான் இருந்திய.”

மைனி எழுந்து உள்ளே போய்விட்டாள். நானும் நுங்குத் தோட்டைப் பொறுக்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாய் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கியது. பிறகு அத்தான், ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். காட்டுகிறேன் என்றேன். இல்லை, அவளும் வரட்டும், அவள் நடைக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்க்க வேண்டும் என்றார்.

வெயில் தாழ்ந்ததும் மூன்று பேரும் புறப்பட்டோம். அத்தான் அவளுக்கு அரை அடி பின்னால் வந்தார். அக்கா ஒரே ஒரு இடத்தில் நின்றாள். அதுவும் களைப்பால் அல்ல, ஒரு கடை வாசலில் மாம்பழம் பார்க்க. ஆஸ்பத்திரி வாசல் விளக்குக்கம்பத்தடியில் நின்று அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் இருந்த காவல்காரரிடம், பிரசவத்துக்கு எந்த நேரமும் உள்ளே விடுவார்களா என்று கேட்டார். அவர் சொன்ன பதிலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். திரும்பி வரும் வழியில் மாம்பழம் வாங்கினார். அம்மாவிடம் நான் சொல்லிக்கிடுதேன் என்று அக்காவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

குழந்தை ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் பிறந்தது. பெண். பதினைந்தாம் நாள், தீட்டுக் கழிந்த பிறகு, அக்கா அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். மேற்கேயிருந்து அடிக்கும் மேல்காற்று தொடங்கியிருந்ததால் அண்ணன் பாயை இறக்கித் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். மைனி கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கினாள். வாங்கியவள் அதைக் கொடுக்கவே இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டு, அங்கன இழு, இங்கன தளத்திவிடு என்று புருஷனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.